மூக்குக் கண்ணாடி வில்லை பேணல்

மூக்குக் கண்ணாடி வில்லை பேணல் என்பது பார்வைக் குறையைச் சரிசெய்யவோ கண்ணைப் பாதுகாக்கவோ அணியப்படும் மூக்குக் கண்ணாடியின் வில்லைகளையும், அவற்றின் மீது இடப்பட்டுள்ள மெல்லிய பூச்சுகளையும் கீறல், வெப்பம், வேதிப்பொருள் ஆகியவற்றால் பழுதடையாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். இன்று விற்கப்படும் வில்லைகளில் பெரும்பாலானவை கண்ணாடியால் ஆனவை அல்ல; நெகிழியால் ஆனவை. நெகிழி வில்லையின் மேற்பரப்பில் பல பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பட்டிருக்கும். இப்பூச்சுகளின் மொத்தத் தடிமன் சில மைக்ரோமீட்டர்களே. எனவே கண்ணாடியாலான வில்லைகளைத் துடைத்துப் பழகிய முறைகள் பல இன்றைய வில்லைகளுக்குப் பொருந்துவதில்லை.

பழுதடைந்த பூச்சு ஒளியைச் சிதறடிக்கிறது. இதனால் காட்சியின் தெளிவு குறைகிறது. குறிப்பாக இரவில் எதிரே வரும் ஊர்திகளின் விளக்கொளி படர்ந்து கண்ணைக் கூசச் செய்கிறது. இதனைக் கண்ணின் 'பவர்' மாறிவிட்டதன் அறிகுறியாகச் சிலர் தவறாகக் கருதுவதும் உண்டு. பூச்சு ஒருமுறை பழுதடைந்தால் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. வில்லையை மாற்றுவதே வழி. ஆதலால் வில்லைகளைப் பொறுத்தவரை பழுது நேர்ந்தபின் சரிசெய்வதை விட, நேராமல் காப்பதே முதன்மையானது.

வரலாறு

மூக்குக் கண்ணாடிகள் ஏறத்தாழ 1286 ஆம் ஆண்டளவில் இத்தாலியில் தோன்றியதாகக் கருதப்படுகிறது. அதன்பின் பல நூற்றாண்டுகளாக வில்லைகள் கண்ணாடியிலோ இயற்கைப் படிகக்கல்லிலோ செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் தஞ்சாவூரை அடுத்துள்ள வல்லம், அங்கு கிடைக்கும் படிகக் கற்களைத் தீட்டிச் செய்யப்பட்ட மூக்குக் கண்ணாடிகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. படிகக்கல் என்பது குவார்ட்ஸ் என்னும் கனிமம் ஆகும். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் இதன் மதிப்பு 7. தெருப் புழுதியில் உள்ள மணலும் பெரும்பாலும் இதே கனிமம்தான். ஆகவே புழுதியால் படிகக்கல் வில்லையை எளிதில் கீற இயலாது. சாதாரணக் கண்ணாடியின் கடினத்தன்மை ஏறத்தாழ 5.5 ஆகும். நெகிழிகள் இதனினும் மிக மென்மையானவை.

1940 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனத்தின் துணை நிறுவனமொன்று ஒளி ஊடுருவும் பிசின்களை உருவாக்க முயன்றது. அவ்வாய்வில் 39 ஆவது கலவையாக அமைந்த பிசின் சி.ஆர்-39 எனப் பெயர் பெற்றது. 1947 இல் ஆர்மோர்லைட் என்னும் நிறுவனம் இதனைக் கொண்டு மூக்குக் கண்ணாடி வில்லைகளை வார்த்தது. கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதியே இருந்ததாலும், எளிதில் உடையாததாலும் இவ்வில்லை மெல்ல மெல்லக் கண்ணாடியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் வரலாறு இதனினும் பழைமையானது. 1886 இல் ரேலி பிரபு, காலப்போக்கில் மேற்பரப்பு மங்கிய கண்ணாடி புதிய கண்ணாடியை விடக் கூடுதலாக ஒளியைக் கடத்துவதைக் கண்டறிந்தார். 1904 இல் டென்னிஸ் டெய்லர் வில்லைகளை வேதிமுறையில் செயற்கையாக மங்கச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1935 இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் சுமக்குலா, வெற்றிடத்தில் மெல்லிய படலத்தைப் படியச் செய்யும் முறையை உருவாக்கினார். இன்றைய பூச்சுகளும் இதே அடிப்படையில்தான் இடப்படுகின்றன. 1938 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த கேத்தரின் பிளாட்ஜெட் ஏறத்தாழ எதிரொளிப்பே இல்லாத கண்ணாடியை உருவாக்கிக் காட்டினார்.

வில்லைப் பொருள்கள்

வில்லை எப்பொருளால் ஆனது என்பதைப் பொறுத்து அதன் வலிமையும் குறைபாடும் அமைகின்றன.

* கண்ணாடி: ஒளிவிலகல் எண் 1.523. எளிதில் கீறல் விழாது. ஆயினும் எடை மிகுந்தது, கீழே விழுந்தால் உடையும். இதன் பயன்பாடு இன்று மிகவும் குறைந்துவிட்டது.
* சி.ஆர்-39: ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.50; அடர்த்தி கன சென்ரிமீட்டருக்கு 1.32 கிராம். விலை குறைந்த வில்லைகளில் பரவலாகப் பயன்படுகிறது. நெகிழிகளுள் ஓரளவு கீறலைத் தாங்கக்கூடியது.
* பாலிகார்பனேட்: ஒளிவிலகல் எண் 1.59, அடர்த்தி 1.20. அடியைத் தாங்கும் ஆற்றல் மிகுந்தது. எனவே சிறுவர்களுக்கும், விளையாட்டு வீரர்களுக்கும், பட்டறையில் பணிபுரிவோருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் இதன் மேற்பரப்பு மிக மென்மையானது. கடினப் பூச்சு இன்றி இதனைப் பயன்படுத்த இயலாது.
* உயர் ஒளிவிலகல் எண் நெகிழிகள்: ஒளிவிலகல் எண் 1.60, 1.67, 1.74 ஆகிய அளவுகளில் கிடைக்கின்றன. மிகுந்த பார்வைக் குறை உள்ளவர்களுக்கும் மெல்லிய வில்லைகளைச் செய்ய உதவுகின்றன.

அடியைத் தாங்குவதும் கீறலைத் தாங்குவதும் வெவ்வேறு பண்புகள் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. சுத்தியலால் அடித்தாலும் உடையாத பாலிகார்பனேட், மணல் ஒட்டிய துணியால் துடைத்தால் கீறலுறும். 'உடையாத கண்ணாடி' என்று கூறி விற்கப்படும் வில்லைக்கே கூடுதல் பேணல் தேவைப்படுகிறது.

பூச்சுகளும் அவற்றின் செயற்பாடும்

கடினப் பூச்சு

வில்லையின் மீது முதலில் இடப்படுவது கடினப் பூச்சு ஆகும். சிலிக்கன் சேர்ந்த பிசின் கரைசலில் வில்லையைத் தோய்த்து எடுத்தோ, சுழலும் வில்லையின் மீது கரைசலை ஊற்றியோ இதனை இடுவர். பின்னர் வெப்பத்தாலோ புறவூதாக் கதிராலோ இறுகச் செய்வர். இதன் தடிமன் சில மைக்ரோமீட்டர்கள் ஆகும். மனிதத் தலைமயிரின் தடிமன் பல பத்து மைக்ரோமீட்டர்கள் என்பதோடு ஒப்பிட்டால் இதன் மென்மை விளங்கும். இப்பூச்சு கீறல் விழுவதைக் குறைக்கிறது, முற்றிலும் தடுப்பதில்லை.

எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு

கடைகளில் ஏ.ஆர். கோட்டிங் என்று வழங்கப்படுவது இதுவே. ஒளி காற்றிலிருந்து வில்லைக்குள் நுழையும்போதும் வில்லையிலிருந்து வெளியேறும்போதும் அதன் ஒரு பகுதி எதிரொளிக்கப்படுகிறது. ஒளிவிலகல் எண் 1.5 ஆக உள்ள வில்லையின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4% ஒளியை எதிரொளிக்கும். இரு பரப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 8% ஒளியை இழக்கச் செய்யும். ஒளிவிலகல் எண் 1.74 ஆனால் ஒரு பரப்பின் எதிரொளிப்பு 7.3% ஆக உயர்கிறது. அதாவது வில்லை மெலியும்தோறும் எதிரொளிப்பு கூடுகிறது. எனவேதான் மெல்லிய வில்லைகளுக்கு இப்பூச்சு இன்றியமையாததாகிறது.

பூச்சு இடப்பட்ட பரப்பில் எதிரொளிப்பு இரண்டு இடங்களில் நிகழ்கிறது: ஒன்று பூச்சின் மேற்பரப்பில், மற்றொன்று பூச்சும் வில்லையும் சேரும் இடத்தில். பூச்சின் தடிமன், அதனுள் ஒளியின் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்காக இருந்தால், திரும்பி வரும் இரு அலைகளும் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இது அலைகளின் குறுக்கீட்டு விளைவு ஆகும். எடுத்துக்காட்டாக, மக்னீசியம் புளோரைடின் ஒளிவிலகல் எண் 1.38. காற்றில் 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளிக்குத் தேவையான தடிமன் 550 ÷ (4 × 1.38), அதாவது ஏறத்தாழ 100 நானோமீட்டர் ஆகும். இந்த ஒற்றைப் படலம் 1.5 ஒளிவிலகல் எண்ணுள்ள வில்லையின் ஒரு பரப்பில் எதிரொளிப்பை 4% இலிருந்து ஏறத்தாழ 1.4% ஆகக் குறைக்கும்.

நெகிழி வில்லைகளில் பொதுவாக ஒற்றைப் படலம் இடப்படுவதில்லை. ஒளிவிலகல் எண் குறைந்த சிலிக்கன் டை ஆக்சைடும், ஒளிவிலகல் எண் மிகுந்த தைட்டானியம் டை ஆக்சைடு அல்லது சிர்க்கோனியம் டை ஆக்சைடும் மாறி மாறிப் பல அடுக்குகளாகப் படியவைக்கப்படுகின்றன. இவ்வடுக்குகள் அனைத்தும் சேர்ந்தாலும் சில நூறு நானோமீட்டர் தடிமனே வரும். இவ்வகைப் பூச்சு எதிரொளிப்பை 1% இற்கும் கீழே கொண்டுவருகிறது. அழியாமல் எஞ்சும் சிறிதளவு ஒளியே வில்லையைச் சாய்த்துப் பார்க்கும்போது இளம்பச்சையாகவோ நீலமாகவோ தெரிகிறது. நீல ஒளித் தடுப்பு என்று விற்கப்படும் வில்லைகளுள் பல, நீல நிறத்தைச் சற்றுக் கூடுதலாக எதிரொளிக்குமாறு அமைக்கப்பட்ட இதே வகைப் பூச்சைக் கொண்டவை. அவற்றின் பேணல் முறையும் இதுவே.

இப்பூச்சு உள்ள வில்லையில் விரல் ரேகையும் எண்ணெய்க் கறையும் கூடுதலாகத் தெரிவதாகப் பலர் குறைகூறுவர். இதற்குக் காரணம் பூச்சின் தரக்குறைவு அன்று. விரலிலிருந்து படியும் எண்ணெய், கணக்கிட்டு அமைக்கப்பட்ட அடுக்கின் மேல் மற்றோர் அடுக்காக அமைந்து குறுக்கீட்டு விளைவைக் குலைத்துவிடுகிறது. அவ்விடத்தில் மட்டும் எதிரொளிப்பு மீண்டும் தோன்றுகிறது. சுற்றிலும் எதிரொளிப்பு இல்லாததால் கறை தனித்துத் தெரிகிறது. கீறலுக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

மேற்பூச்சு

எல்லாவற்றிற்கும் மேலாக, புளோரின் சேர்ந்த சேர்மத்தாலான மிக மெல்லிய மேற்பூச்சு இடப்படுகிறது. இதன் தடிமன் சில நானோமீட்டர்கள் முதல் சில பத்து நானோமீட்டர்கள் வரை இருக்கும். இது நீரையும் எண்ணெயையும் விலக்கும் தன்மை கொண்டது. தாமரை இலை நீர் போலத் துளிகள் வில்லையில் பரவாமல் உருண்டு ஓடுவதற்கு இதுவே காரணம். பரப்பு வழுக்கலாக இருப்பதால் அழுக்கும் எளிதில் அகல்கிறது. பூச்சுகளுள் முதலில் தேய்ந்து போவது இதுவே. நீர்த்துளி உருளாமல் பரவி நிற்பது மேற்பூச்சு தேய்ந்துவிட்டதன் அடையாளம் ஆகும்.

பூச்சுகள் பழுதடையும் வழிகள்

கீறல்

பருத்தி நூலோ தாளோ கண்ணுக்குத் தென்படாத புழுதி அளவிற்குத் தீங்கு செய்வதில்லை. புழுதியில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் வில்லையையும் அதன் பூச்சுகளையும் விடக் கடினமானவை. உலர்ந்த வில்லையைச் சட்டை நுனியாலோ முந்தானையாலோ துடைக்கும்போது, அத்துகள்கள் துணிக்கும் வில்லைக்கும் இடையே சிக்கி உப்புத்தாள் போலச் செயற்படுகின்றன. ஒருமுறை துடைப்பதால் விழும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. நாள்தோறும் பலமுறை துடைக்கும்போது நுண்ணிய கீறல்கள் சேர்ந்து வில்லையை மங்கச் செய்கின்றன. இரு சக்கர ஊர்தியில் பயணம் செய்து இறங்கியவுடன் வில்லையை உலர்வாகத் துடைப்பது இவற்றுள் மிகவும் கேடானது. நெற்றியிலிருந்து உதிரும் திருநீறு, முகப்பூச்சுத் தூள் ஆகியவற்றையும் துடைப்பதற்கு முன் நீரால் கழுவி அகற்றுவதே நன்று.

வெப்பம்

நெகிழியும் அதன் மேலுள்ள ஆக்சைடு அடுக்குகளும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை. சி.ஆர்-39 நெகிழியின் வெப்ப விரிவு சிலிக்கன் டை ஆக்சைடினதைப் போல ஏறத்தாழ 200 மடங்கு ஆகும். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள வில்லையின் வெப்பநிலை 40 பாகை செல்சியசு உயர்ந்தால், நெகிழி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் விரியும். தன்னிச்சையாக விடப்பட்ட அதே அகலமுள்ள சிலிக்கா அடுக்கு ஏறத்தாழ 0.001 மில்லிமீட்டரே விரியும். நெகிழியோடு ஒட்டியுள்ள அடுக்கு இந்த இழுவிசையைத் தாங்காமல் வெடிக்கிறது. இவ்வாறு தோன்றும் மயிரிழை வெடிப்புகள் சிலந்தி வலை போலவோ வறண்ட குளத்தின் சேறு போலவோ காணப்படும். வில்லை குளிர்ந்தபின் நெகிழி பழைய அளவிற்குச் சுருங்கினாலும் வெடிப்புகள் மறைவதில்லை.

வெயிலில் நிறுத்தப்பட்ட மகிழுந்தின் முன்பலகை 70 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். பூச்சு உள்ள நெகிழி வில்லைகள் 60 பாகைக்கு மேல் வெப்பமடையாமல் பார்த்துக்கொள்ளுமாறு உற்பத்தியாளர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர். வெயிலில் நிற்கும் ஊர்தியின் முன்பலகை, இரு சக்கர ஊர்தியின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி, அடுப்பின் அருகு ஆகியவை மூக்குக் கண்ணாடியை வைக்கத் தகாத இடங்கள். கொதிநீரில் கழுவுவதும், முடி உலர்த்தியால் உலர்த்துவதும், அடுப்பில் எரியும் தணலை முகம் அருகே வைத்துப் பார்ப்பதும் இதே விளைவைத் தரலாம்.

வேதிப்பொருட்கள்

வீட்டுக் கண்ணாடிச் சன்னல்களைத் துடைக்கும் நீர்மங்களுள் சிலவற்றில் அம்மோனியா உள்ளது. இதுவும் வெளுப்பு நீர், சலவைச் சோடா முதலிய காரத்தன்மை மிகுந்த பொருட்களும் மேற்பூச்சையும் அதன் கீழுள்ள அடுக்குகளையும் நாளடைவில் அரிக்கின்றன. நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பாலிகார்பனேட் வில்லையில் வெடிப்பை உண்டாக்கும். செல்லுலோசு அசிட்டேட்டால் ஆன சட்டகத்தைக் கரைக்கும். சட்டகமின்றித் துளையிட்டுப் பொருத்தப்பட்ட வில்லைகளில் துளையைச் சுற்றி ஏற்கெனவே இறுக்கம் இருப்பதால், கரைப்பான்கள் பட்டால் அவ்விடத்தில் விரிசல் தோன்றும் வாய்ப்பு மிகுதி.

வில்லை துடைக்கவென்றே விற்கப்படும் ஈரத்தாள்களிலும் தெளிப்பு நீர்மங்களிலும் நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்ககால் இருப்பது வழக்கம். இதனால் பழுதற்ற பூச்சுகளுக்குப் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் 2020 இல் கோவிட்-19 பரவியபின் பழக்கத்திற்கு வந்த கைத்தூய்மிக் களிம்புகள் வில்லைக்கானவை அல்ல. அவற்றில் உள்ள கெட்டிப்பொருட்கள் வில்லையில் படலமாகத் தங்கும்; செறிவு மிகுந்த ஆல்ககால் அசிட்டேட்டுச் சட்டகத்தின் பளபளப்பைக் கெடுக்கும்.

வியர்வை, உப்பு, எண்ணெய்

வியர்வையும் கடற்காற்றும் வில்லையின் விளிம்பில் உப்பைப் படியச் செய்கின்றன. பூச்சு வெட்டுண்டு முடியும் இடம் விளிம்பே ஆகும். ஆகவே அங்கு ஈரமும் உப்பும் நெடுநேரம் தங்கினால் பூச்சு விளிம்பிலிருந்து உரியத் தொடங்கலாம். தலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும், தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையும் பூச்சை உடனடியாகக் கெடுப்பதில்லை. ஆயினும் அவை புழுதியைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கீறலுக்கு வழிவகுக்கின்றன. முடித்தெளிப்பு, நறுமணத் தெளிப்பு ஆகியவற்றைப் பயன்படுத்திய பின்னரே மூக்குக் கண்ணாடியை அணிய வேண்டும்.

தூய்மை செய்யும் முறை

நாளுக்கு ஒருமுறை கீழ்க்காணும் முறையில் கழுவுவது போதுமானது.

1. முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கையிலுள்ள எண்ணெயும் மணலும் வில்லைக்குச் செல்லாதிருக்க இது தேவை.
2. குளிர்ந்த அல்லது சாதாரண வெப்பநிலையில் உள்ள நீரை மெல்லிய ஓட்டமாக விட்டு, வில்லையின் இருபுறமும் காட்ட வேண்டும். நீரோட்டம் புழுதியை அடித்துச் செல்லும். இந்நிலையில் விரலால் தேய்க்கக் கூடாது.
3. பாத்திரம் கழுவும் நீர்மத்தில் ஒரு துளி எடுத்து, விரல் நுனியால் வில்லையின் இருபுறமும் மென்மையாகத் தடவ வேண்டும். மூக்குத் தாங்கிகள், காதில் மாட்டும் தண்டுகள், வில்லையும் சட்டகமும் சேரும் பள்ளம் ஆகியவற்றையும் தேய்க்க வேண்டும்.
4. நுரை முழுவதும் நீங்குமாறு நீரில் அலச வேண்டும்.
5. சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உதறி நீரை வடிக்க வேண்டும்.
6. தூய நுண்ணிழைத் துணியால் எஞ்சிய ஈரத்தை ஒற்றி எடுத்துப் பின்னர் மெல்லத் துடைக்க வேண்டும். துடைக்கும்போது, துடைக்கப்படும் வில்லையைச் சுற்றியுள்ள சட்டகப் பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு புறத்தைப் பிடித்து மறுபுறத்தைத் துடைத்தால் நடுப்பாலம் வளையும்.

பாத்திரம் கழுவும் நீர்மமும் பாத்திரம் தேய்க்கும் கட்டியும் ஒன்றல்ல. கட்டியிலும் தூளிலும் கறையைச் சுரண்டுவதற்கென்றே கனிமப் பொடி சேர்க்கப்பட்டுள்ளது. அது வில்லையைக் கீறும். குளியல் சோப்பைக் கடின நீரில் பயன்படுத்தினால் கால்சியம் சேர்ந்த வெண்படலம் வில்லையில் தங்கும்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினநீராக உள்ளது. மக்கள் இதனை உப்புத் தண்ணீர் என்பர். இந்நீரின் துளிகள் வில்லையிலேயே உலர்ந்தால் வெண்புள்ளிகள் தங்கும். உலர்ந்த புள்ளிகளைத் தேய்த்து நீக்க முயல்வதும் கீறலை உண்டாக்கும். எனவே இறுதி அலசலுக்குக் குடிநீரைப் பயன்படுத்துவதும், துளிகள் உலரும் முன் துடைப்பதும் நன்று.

நீர் கிடைக்காத இடங்களில்

பயணத்தின்போது வில்லைத் தெளிப்பு நீர்மத்தையோ ஈரத்தாளையோ பயன்படுத்தலாம். அதற்கு முன் வில்லையைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டியோ ஊதியோ புழுதியை இயன்றவரை அகற்ற வேண்டும். குடிநீர்ப் புட்டியிலிருந்து சிறிது நீரை வில்லையின் மீது ஊற்றுவது இன்னும் சிறந்தது. எதுவும் இல்லையெனில், அழுக்கோடு சிறிது நேரம் பொறுத்துக்கொள்வது உலர்வாகத் துடைப்பதை விட மேலானது.

நுண்ணிழைத் துணி

நுண்ணிழை என்பது 1 டெனியருக்கும் குறைந்த தடிமனுள்ள செயற்கை இழையாகும். 9000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை 1 கிராம் எனில் அது 1 டெனியர் எனப்படும். பாலியெஸ்டர், பாலியமைடு ஆகியவற்றாலான இந்நுண்ணிழைகள் எண்ணெயைத் தம் இடுக்குகளில் ஈர்த்துக்கொள்கின்றன. ஆனால் புழுதியையும் அவ்வாறே பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே துவைக்கப்படாத நுண்ணிழைத் துணி சட்டை நுனியை விடத் தீயதாகலாம். வாரம் ஒருமுறையேனும் சிறிதளவு சோப்பு நீர்மத்தில் கையால் துவைத்து, நன்கு அலசி, புழுதி படாத இடத்தில் உலர்த்த வேண்டும். துணிமென்மையாக்கியைச் சேர்க்கக் கூடாது. அது இழைகளில் படிந்து வில்லையிலும் எண்ணெய்ப் படலமாக ஒட்டும். துணியைச் சட்டைப் பையில் சாவி, நாணயங்களுடன் வைக்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது நன்று.

அன்றாடப் பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

* மூக்குக் கண்ணாடியை இரு கைகளாலும் கழற்ற வேண்டும். ஒரு கையால் இழுத்தால் சட்டகம் கோணும். கோணிய சட்டகம் வில்லையின் விளிம்பை அழுத்திப் பூச்சில் வெடிப்பை உண்டாக்கும்.
* மேசையில் வைக்கும்போது வில்லையின் புடைத்த பக்கம் கீழே படக் கூடாது. வில்லையின் நடுப்பகுதி, அதாவது பார்வை செல்லும் இடமே, முதலில் உரசும்.
* பயன்படுத்தாதபோது கடினமான பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டியின் உட்புறத்தையும் அவ்வப்போது புழுதியின்றித் துடைக்க வேண்டும்.
* சோறு வடிக்கும்போதோ குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போதோ வில்லையில் ஆவி படியும். அதனைத் துடைக்கத் தேவையில்லை. வில்லையின் வெப்பநிலை சுற்றுப்புறத்தோடு ஒத்தவுடன் தானே மறையும்.
* கடலில் குளித்த பின்னும், மிகுதியாக வியர்த்த பின்னும் நன்னீரில் அலச வேண்டும்.
* மூடுபனித் தடுப்புப் பூச்சு உள்ள வில்லைகளில் நீரை விலக்கும் அடுக்கிற்கு மாறாக நீரைப் பரப்பும் அடுக்கு அமைந்திருக்கலாம். இவற்றிற்கு உற்பத்தியாளர் தரும் துணியையும் நீர்மத்தையுமே பயன்படுத்த வேண்டும்.
* கண்ணாடிக் கடைகளில் உள்ள மீயொலித் தூய்மைத் தொட்டி பழுதற்ற வில்லைகளுக்கு ஏற்றது. ஏற்கெனவே வெடிப்புள்ள பூச்சு அதில் உரிந்துவிடக்கூடும்.

பரவலான தவறான கருத்துகள்

பற்பசை கீறலை நீக்கும்: பற்பசையில் பல்லின் கறையைத் தேய்க்கும் நுண்பொடி உள்ளது. அது கீறலை நிரப்புவதில்லை; கீறலைச் சுற்றியுள்ள பூச்சையும் சேர்த்துத் தேய்க்கிறது. ஓரிடத்தில் இருந்த கீறலுக்கு மாறாக வில்லை முழுவதும் மங்கலாகிறது. சமையல் சோடாவிற்கும் இது பொருந்தும்.

வாயால் ஊதித் துடைத்தால் போதும்: மூச்சிலிருந்து வில்லையில் படியும் ஈரம் மிகக் குறைவு. புழுதித் துகள்களை மிதக்கச் செய்து அகற்ற அது போதாது. எச்சில் தடவித் துடைப்பதும் தூய்மையானதன்று.

விலை உயர்ந்த வில்லை கீறல் விழாது: விலை பெரும்பாலும் ஒளிவிலகல் எண், எதிரொளிப்புத் தடுப்பு, மேற்பூச்சு ஆகியவற்றைப் பொறுத்தது. கீறல் முற்றிலும் விழாத நெகிழி வில்லை எதுவும் இல்லை.

பூச்சை மட்டும் மீண்டும் இட்டுக்கொள்ளலாம்: பூச்சு வெற்றிடக் கலனில், வில்லை சட்டகத்தில் பொருத்தப்படுவதற்கு முன் இடப்படுவது. பழைய பூச்சை வேதிமுறையில் அகற்றினால் வில்லையின் பரப்பும் கெடும் வாய்ப்பு உண்டு. எனவே கடைகளில் இது பொதுவாகச் செய்யப்படுவதில்லை.

வில்லையை மாற்ற வேண்டிய நிலை

வில்லையை ஒரு விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்து, எதிரொளிப்பைக் கவனித்தால் பூச்சின் நிலையை அறியலாம். வலை போன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் அவை வெப்பத்தாலோ வேதிப்பொருளாலோ நேர்ந்த வெடிப்புகள் ஆகும். திட்டுத் திட்டாக நிறம் மாறித் தெரிந்தால் பூச்சு உரிந்துள்ளது எனலாம். ஒரே திசையில் அமைந்த நேர்க்கோடுகள் துடைப்பதால் விழுந்த கீறல்கள். கழுவிய பின்னும் மறையாத மங்கல் பார்வை செல்லும் நடுப்பகுதியில் இருந்தால் வில்லையை மாற்றுவது நல்லது. விளிம்பில் மட்டும் இருந்தால் உடனடியாக மாற்றத் தேவையில்லை.

சிறுவர்கள் தம் வில்லை மங்கிவிட்டதைப் பெரும்பாலும் தாமாகச் சொல்வதில்லை. மங்கலான பார்வைக்கே பழகிவிடுவர். கரும்பலகையில் எழுதியது தெரியவில்லை என்னும்போது, பார்வைச் சோதனையுடன் வில்லையின் பரப்பையும் பெற்றோர் விளக்கொளியில் பார்ப்பது நன்று. அவ்வாறே, இரவில் ஊர்தி ஓட்டும்போது விளக்கொளி படர்வதாக உணர்பவர் முதலில் வில்லையை முறையாகக் கழுவிப் பார்க்கலாம். கழுவிய பின்னும் ஒளி படர்ந்தால், வில்லையில் கீறலோ வெடிப்போ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். வில்லை பழுதின்றி இருந்தும் ஒளி படர்ந்து தெரிந்தால் கண்புரை முதலிய கண் குறைபாடுகள் காரணமாக இருக்கலாம். அந்நிலையில் கண் மருத்துவரை அணுகுவது இன்றியமையாதது.